உராசாகிக்குப் பனி வண்டி வேண்டாம்

உராசாகி
1986 மார்ச் 20

மதிப்பிற்குரிய இகராஷி சயோ அவர்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் ஊரில் ரயில் ஏறும்போது என் காலணியில் ஒட்டியிருந்த பனி, இரண்டாவது ரயில் மாறுவதற்குள் தண்ணீராகிவிட்டது. இங்கே இறங்கினால் தண்டவாளத்து ஓரமெல்லாம் கடுகுப் பூ. ஒரே நாட்டில்தான் இருக்கிறோமா என்று நடைமேடையிலேயே சற்று நேரம் நின்றேன்.

உங்கள் நிறுவனத்து மாடியறையில் இரண்டு வாரம் தங்கவைத்து, சோறு போட்டு, பனி தள்ளும் வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினீர்கள். நகராட்சியின் நன்றிக் கடிதம் தனியாக வரும். அது தட்டச்சு செய்தது. இது என் கையால் எழுதுவது. வித்தியாசம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வந்ததும் வராததுமாக நகராட்சித் தலைவர் கூப்பிட்டார். ஜனவரியில் பெய்த பனியை அவர் இன்னும் மறக்கவில்லை. மூன்று நாள் ஊர் முடங்கியது, கோயில் சரிவில் பேருந்து குறுக்கே நின்றது, கடைகளில் பாலும் முட்டையும் தீர்ந்தது, அவருடைய மாமியார் படிக்கட்டில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டது. முக்கியமாகக் கடைசி விஷயம். "கவாசோயெ, வடக்கே போயி பாத்துட்டு வந்தீல்ல? நமக்கு எத்தனை வண்டி வேணும், அதை மட்டும் சொல்லு" என்றார். ஆராய்ந்து அறிக்கை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அது தொடர்பாக ஒரு சந்தேகம். சாலையில் பாதாளச் சாக்கடை மூடி சற்றே உயர்ந்திருந்தால் வண்டியின் முன்னால் பனியைத் தள்ளும் தகடு அதில் இடிக்காதா? அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நேரம் இருந்தால் மட்டும் பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை. இருந்தால் நல்லது.

கவாசோயெ ஷிங்கோ
சாலைப் பிரிவு

*

கமினோசாவா
ஏப்ரல் 9

கவாசோயெ சான்,

சாக்கடை மூடியைப் பற்றி இங்கே இருந்தபோதே என்னிடம் கேட்டீர்கள். ஓட்டுநர் ஓத்தாகி அண்ணனிடம் கேட்டீர்கள். அவர் வெளியே போயிருந்தபோது சோறு கொண்டுவந்த அவர் மனைவியிடமும் கேட்டீர்கள். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். தகட்டைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் வைத்து ஓட்ட வேண்டும். இதோ நாலாவது தடவை.

உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்துவிட்டு ஓத்தாகி அண்ணன், "என்னம்மா, அந்தத் தெக்கத்தி சாருக்கு இன்னும் மூடி தொறக்கலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள், எதுவும் சொல்லாமல் "வானிலை எப்படி" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டீர்கள். எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே தொலைபேசி. அது அடித்தால் அத்தனை பேரும் தேநீரை உறிஞ்சுவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். கடிதமே எழுதுங்கள்.

வண்டிகளைக் கழுவி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறோம். என் கணவர் இருந்தபோது இந்த நாளில் எல்லாருக்கும் மீன் சுட்டுப் போடுவார். அவர் போய் ஏழு வருஷம் ஆயிற்று. என் மாமனாரும் நானும்தான் நிறுவனத்தை நடத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் நான் ஊரைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்பது தெரியாது. விடியுமுன் எழுந்து எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்து, எந்தத் தெருவுக்கு எந்த வண்டி என்று சொல்ல வேண்டியது நான்தான். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இதே வேலை.

இன்னொன்று. உங்கள் ஊர் படிக்கட்டு ஊர் என்றீர்கள். காலணிக்கு மேல் வைக்கோல் கயிற்றைக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். வழுக்காது. இதற்கு எந்த யந்திரமும் வேண்டாம்.

என் ஜன்னலுக்கு வெளியே இன்னும் அழுக்குப் பனி மேடாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் எழுதிய கடுகுப் பூவை இரண்டு முறை படித்தேன்.

சயோ

*

உராசாகி
ஜூன் 17

இகராஷி சான்,

இங்கே மழைக்காலம். சுவரில் பூஞ்சை, காகிதத்தில் பூஞ்சை, என் சட்டைக் காலரிலும் பூஞ்சை. ஆனால் இதை நான் மிகவும் சந்தோஷமாக எழுதுகிறேன்.

நகர மன்றத்தில் எல்லாருக்கும் வண்டி வாங்கும் எண்ணம்தான். இரண்டு வண்டி. அதோடு உங்கள் நிறுவனத்துடன் மூன்று வருஷத்துக்குப் பயிற்சி ஒப்பந்தம். வருஷா வருஷம் நவம்பரில், உங்களுக்குப் பனி தொடங்கும் முன், 'அனுபவமுள்ள ஒருவர்' இங்கே வந்து ஒரு மாதம் தங்கி எங்கள் ஆட்களுக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டும். வரைவில் அப்படித்தான் இருக்கிறது. பெயர் எதுவும் இல்லை. எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஓத்தாகி அண்ணன் வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

துறைமுகத்துக்கு மேலே ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல். நவம்பரில்கூடத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கலாம். துறைமுகத்தில் மீன் வடை கடை வைத்திருக்கும் என் அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். அது தப்பாகப் போயிற்று.

"யாருக்குடா ரூம்பு?"

"நகராட்சி விருந்தாளிக்கு."

"நகராட்சி விருந்தாளிக்கு நீ ஏன்டா திரைச்சீலை நிறம் பாக்குற? நாப்பத்தாறு வயசுல ஒன் வீட்டுக்கு ஒரு திரை வாங்கினது உண்டா?"

வீட்டுக்காரம்மா முன்னால் இதைக் கேட்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி அறிக்கை ஒன்றுதான் பாக்கி. செப்டம்பர் மன்றக் கூட்டத்துக்கு முன் நான் எழுதித் தர வேண்டும். அது வெறும் சடங்கு என்று தலைவர் சொல்கிறார்.

ஷிங்கோ

*

கமினோசாவா
ஜூலை 25

கவாசோயெ சான்,

மாமாவிடம் ஒப்பந்த விஷயத்தைச் சொன்னேன். "மூணு வருஷமா? பனியே பெய்யாத ஊர்ல மூணு வருஷம் என்னத்தைச் சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, "ஓத்தாகிக்கு மீன் ஒத்துக்காது, வயித்தால போகும். நீயே போ" என்றார். ஓத்தாகி அண்ணன் மீனைத் தலையோடு தின்பவர். 

நேற்று பெரிய ஊருக்கு உதிரிபாகம் வாங்கப் போனேன். வரும் வழியில் ஒரு மெல்லிய மேல்சட்டை வாங்கிவிட்டேன். எங்கள் ஊர் நவம்பரில் அதைப் போட்டால் விறைத்துச் செத்துப்போவேன். கடைக்காரப் பெண் "எங்கேயாவது பயணமா?" என்றாள். "வேலை விஷயமாக" என்றேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது.

இப்போது தொழில் பேச்சு. உங்கள் ஊரில் வண்டி வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? ஓடாத வண்டி கெட்டுப்போகும், அதுவும் உப்புக் காற்றில். அதில் யார் உட்காருவார்கள்? ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை உட்காருகிறவனுக்குக் கை மறந்துபோகும். தள்ளுகிற பனியை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? எங்களுக்குக் கொட்ட ஆறு இருக்கிறது. அறிக்கை சடங்கு என்று உங்கள் தலைவர் சொல்லலாம். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். சரியாகப் பார்த்து எழுதுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

சயோ

*

உராசாகி
செப்டம்பர் 21

இகராஷி சான்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கினேன்.

மாத முதலில் புயல் வந்தது. கீழ்க்கரைப் பகுதியில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். அங்கே வடிகால் போடச் சொல்லி நான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். நிதி இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புவார்கள். சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டே கேட்டாள், "ஏன் சார், பனிக்கு வண்டி வாங்கப் போறீங்களாமே? எங்களுக்குத் தண்ணி வருஷா வருஷம் வருதே, கண்ணுக்குத் தெரியலையா?"  மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சாயங்காலம்தோறும் ஊரைச் சுற்றி நடந்தேன். ஜனவரியில் யார் யார் எங்கே விழுந்தார்கள் என்று விசாரித்தேன். பெரும்பாலும் படிக்கட்டிலும் சந்துகளிலும்தான். அந்தச் சந்துகளில் வண்டி நுழையவே முடியாது. நுழைகிற தெருக்களில் பனியைத் தள்ளினால் அது வீட்டு வாசல்களை அடைக்கும். எங்கள் பனி இரண்டாம் நாள் மத்தியானம் தானாக உருகிவிடும். ஜனவரியில் ஊர் மூன்று நாள் முடங்கியது பனியால் அல்ல. முதல் நாள் காலையில் எல்லாரும் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு சரிவுகளில் ஏறி, குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொண்டதால்.

வண்டி வேண்டாம் என்று எழுதினேன்.

சரிவுகளின் தலையில் மணல் பெட்டி வைக்கலாம். ஆம்புலன்சுக்கும் பேருந்துக்கும் சக்கரச் சங்கிலி வாங்கலாம். உள்ளூர்க் கட்டட நிறுவனங்களிடம் மண் அள்ளும் வண்டி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலைகளை மட்டும் அவர்கள் திறந்துவிட்டால் போதும். பனி வரும் என்றால் முந்தின நாளே சரிவுகளில் கயிறு கட்டி மூடிவிட்டு, இரண்டு நாள் வீட்டோடு இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். நீங்கள் சொன்ன வைக்கோல் கயிறும் அறிக்கையில் இருக்கிறது.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். தலைவர் அதை மேஜையில் போட்டு, "ரெண்டு வாரம் வடக்க சோறு தின்னுட்டு வந்து, வேண்டாம்னு எழுதுறியா?" என்று கத்தினார். ஆனால் மன்றம் ஏற்றுக்கொண்டது. கீழ்க்கரைக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் காரணம். பயிற்சி ஒப்பந்தமும் அதோடு போயிற்று.

கொடுப்பதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கொடுக்காமல் விட்டுவிடுவேனோ என்று பயந்தேன்.

அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஷிங்கோ

*

கமினோசாவா
அக்டோபர் 6

கவாசோயெ சான்,

அறிக்கையின் நகல் கிடைத்தது. படித்தேன். சரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் ஊரில் இருந்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன். சரிவை முன்கூட்டி மூடுவது நல்ல யோசனை. மணலோடு சற்று உப்பும் கலந்து வையுங்கள், குளிரில் உறைந்து கட்டிபிடிக்காது. மாமாவுக்கும் படித்துக் காட்டினேன்.

நிறுவனத்தில் எல்லாரும் நலம். மலை உச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிட்டது.

வண்டி வேண்டாம் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வேறு எதுவும் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. அறிக்கையிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை.

குளிருக்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இகராஷி

*

உராசாகி
நவம்பர் 15

இகராஷி சான்,

நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டிய மாதம் இது. தினமும் வெயில் அடிக்கிறது. இப்படி அடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால், ஒரு ஊரின் குளிர்காலத்தையே தலையில் தாங்குகிற ஒருத்தரிடம் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றுகிறது. உங்களை நம்பி அத்தனை தெருக்கள். என்னை நம்பி இப்போது இருபது மணல் பெட்டிகள். மன்றத்தில் எனக்கு 'மணல் பெட்டி சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கூடை ஆரஞ்சு அனுப்புகிறேன். அக்கா வீட்டு மரத்தில் பறித்தது. தோல் அழகாக இருக்காது. உள்ளே இனிப்பு.

இவ்வளவுதான் எழுத முடிகிறது. மன்னித்துவிடுங்கள்.

ஷிங்கோ

*

கமினோசாவா
டிசம்பர் 2

கவாசோயெ சான்,

ஆரஞ்சு வந்தது. ஆட்கள் எல்லாருக்கும் பங்கிட்டோம், எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னார்கள். பனி தொடங்கிவிட்டது. இனி எழுத நேரம் இருக்காது.

இகராஷி

*

உராசாகி
1987 ஜனவரி 30

சயோ சான்,

குடும்பப் பெயரை விட்டு இப்படி உங்கள் பெயரால் அழைப்பது தவறென்றால் இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பனி பெய்தது. செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே காற்று வடமேற்காக மாறியது. வானொலி 'லேசான தூறல்' என்றது. நான் ஒலிபெருக்கிக்காரரை அழைத்துப் பனி என்று சொல்லச் சொன்னேன். பெய்யாமல் போனால் என் வேலை போயிருக்கும்.

விடிந்து ஜன்னலைத் திறந்தேன். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. வேலை நினைவு வரும் முன் எனக்கு வந்தது வேறு நினைவு. நீங்கள் எழுந்து வெகு நேரம் ஆகியிருக்கும், முழங்கால் வரை காலணி போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்பீர்கள் என்று தோன்றியது. நம் இரண்டு ஊருக்கும் முதல் முறையாக ஒரே வானிலை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் குறை சொல்ல வசதியாக இருக்கும். பெரும்பாலான சரிவுகளை இரவே கயிறு கட்டி மூடிவிட்டோம். காலையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "நான் இருவது வருஷமா இந்தச் சரிவுல ஏறுறவன். கயித்த அவுருய்யா." "நீங்க ஏறிடுவீங்கண்ணே. பின்னால வர்றவன் ஏற மாட்டான்" என்றேன். முறைத்துப் பார்த்தார். அப்புறம் பேருந்தை ஓரம் கட்டிவிட்டு, தானே ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பெட்டியிலிருந்து மணல் வார ஆரம்பித்துவிட்டார்.

படிக்கட்டுத் தெருவின் உச்சியில் தோக்குநாகா என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். நாள் விட்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியவர். அன்றைக்குப் போயே ஆக வேண்டும். போன வருஷம் அவர் எப்படியோ வழி திறக்கும்வரை தாங்கினார், ஆனால் அதற்கப்புறம் தேற ஒரு மாதம் ஆயிற்று. இந்த முறை தெருக்காரர்கள் நான் போகும் முன்பே கூடியிருந்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் தன் வீட்டில் மழைக்கு மறைக்கும் மரக்கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன்மேல் மெத்தை விரித்து, ஆசிரியையை உட்காரவைத்து, ஆறு பேர் தூக்கினோம். எல்லார் காலணியிலும் உங்கள் வைக்கோல் கயிறு. ஒருவர்கூட வழுக்கவில்லை. முன்னால் இரண்டு பெண்கள் படிப்படியாகப் பனியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள்.

ஆசிரியை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "மெதுவாப் போங்கப்பா. கல்யாணத்துக்குக்கூட நான் பல்லக்குல போகல. நாலு பேரு பாக்கட்டும்." முடிதிருத்துபவரிடம், "நீ மூணாங்கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லாம அழுத பய. இப்ப என்னயே தூக்குற அளவுக்கு வளந்துட்டியா?" என்றார். அவர் சிரித்தபோது பலகை ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது.

கீழே சாலை திறந்திருந்தது. கட்டட நிறுவனத்து வண்டி ஒரு தடம் மட்டும் ஒதுக்கியிருந்தது, அது போதுமானதாக இருந்தது. சங்கிலி கட்டிய ஆம்புலன்ஸ் நின்றது. கதவை மூடும்போது ஆசிரியை, "சாயங்காலம் இதே பல்லக்கு வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். போனோம்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. மீன் சந்தைச் சரிவுக்குக் கயிறு கட்டப் போனவன் தாமதமாகப் போனான். சேமியா கடை வண்டி ஒன்று சறுக்கிக் குடைக் கடைக் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஒரு மன்ற உறுப்பினர் அங்கேயே நின்று, "வண்டி வாங்கியிருந்தா இப்புடி ஆகுமா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். ஆகியிருக்கும். ஆனால் குடைக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருக்குக் கை முறிவும் உண்டு. மறுநாள் மத்தியானம் எல்லாம் உருகி ஓடியது. போன வருஷம்போல இல்லை என்று ஊரில் சொல்கிறார்கள். தலைவர் மாடிப்படியில் என்னைப் பார்த்து "ம்" என்றார். அவரிடமிருந்து அது அதிகம்.

சாயங்காலம் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் தனியாக இறங்கி வந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று இருந்தது. தொலைபேசிக் கூண்டு வரை போனேன். அத்தனை பேர் தேநீரை நிறுத்துவார்கள் என்று திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. நல்லது நடந்தால் நான் சொல்ல நினைப்பது உங்களிடம். கெட்டது நடந்தாலும் உங்களிடம்தான். இந்த ஒரு வருஷமாக மூடி, தகடு, மணல் என்று நான் எழுதியதெல்லாம் நீங்கள் பதில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான்.

நீங்கள் அக்டோபரில் கேட்டீர்கள். வேண்டும். உங்களைப் பார்க்க வேண்டும். நகராட்சி அனுப்பாது, அறிக்கை எதுவும் எழுத வேண்டியதில்லை. என் சொந்த விடுப்பில், பிப்ரவரி நடுவில் வரலாமா? உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் என்று தெரியும். நீங்கள் பேச வேண்டாம். ஒரு மண்வெட்டி கொடுங்கள், எங்கே நிற்கச் சொல்கிறீர்களோ அங்கே நின்று அள்ளுகிறேன். ஏப்ரல் வரை காத்திருக்க என்னால் முடியும் என்று எழுத நினைத்தேன். பொய் எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

ஷிங்கோ

*

கமினோசாவா
பிப்ரவரி 8

ஷிங்கோ சான்,

இதற்கு முன் ஒரு பதில் எழுதினேன். பிப்ரவரியில் வராதீர்கள், ரயில் நடுவழியில் நின்றுபோகும், இங்கே யாரும் உங்களைக் கவனிக்க முடியாது, ஏப்ரலில் பார்க்கலாம் என்று. உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அதை மாமா பார்த்துவிட்டார்.

"அந்த ஆளுக்கா?"

"ஆமா மாமா."

"என்னன்னு போட்டுருக்க?"

"இப்ப வரவேண்டாம்னு."

அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால்விரல்களைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "எம்மவன் போனப்ப, நீ ஒன் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு ஊரே சொல்லிச்சு. நீ போகல. நானும் போன்னு சொல்லல. வண்டிய யாரு பாக்குறதுன்னு பயந்துட்டேன். என் சுயநலம் அது." அப்புறம், "அந்த ஆளு எழுத்து எறும்பு ஊந்த மாதிரி இருக்கு. ஆனா தனக்கு வேணும்கிறத விட்டுட்டு நெசத்த எழுதினவன். அப்பிடி ஒருத்தன நான் மன்றத்துல பாத்ததில்ல. வரச் சொல்லு" என்றார். நான் வெளியே போய் வண்டியைக் கிளப்பினேன்.

அக்டோபரில் உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அறிக்கை சரி என்பதால் இன்னும் கோபம். தப்பாக எழுதியிருந்தால் திட்டியாவது இருப்பேன். அந்த மெல்லிய சட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். நீங்கள் ஆரஞ்சு அனுப்பினீர்களே, எல்லாருக்கும் பங்கிட்டோம் என்று எழுதினேன். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், அவ்வளவுதான். மிச்சக் கூடை என் அறையில் இருந்தது. விடியுமுன் கிளம்பும்போது ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வேன். வண்டிக்குள் அதை உரித்தால் நாள் முழுக்க அந்த வாசனை இருக்கும். புத்தாண்டு வரை வந்தது. தீர்ந்தபிறகு கஷ்டமாக இருந்தது.

தோக்குநாகா ஆசிரியையைத் தூக்கி இறக்கியதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஓத்தாகி அண்ணன், "படிக்கட்டுல வைக்கோல் கயிறா! நம்ம ஆளு தேறிட்டாரே" என்றார். பிற்பாடு வரும் பக்கத்தைப் படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் பனி அதிகம். நீங்கள் வந்தால் பகலில் என்னைப் பார்க்கவே முடியாது. சாப்பிடும்போது நான் தூங்கிவிழுவேன். இதெல்லாம் தெரிந்துதான் வருகிறீர்கள். மேற்கொண்டு என்ன செய்வது, உங்கள் புயலும் என் பனியும் இல்லாத மாதங்கள் எவை, அவற்றில் யார் எங்கே இருப்பது என்பதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம். எனக்கு எழுதிப் பேசிப் போதும் என்றாகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன். நீங்கள் இங்கே இருந்தது பனி குறைந்த மார்ச்சில், அதனால் இது கண்ணில் பட்டிருக்காது, நாங்கள் யாரும் சொல்வதும் இல்லை. ஊரில் எல்லாத் தெருவையும் திறந்த பிறகுதான் எங்கள் வீட்டு முற்றத்தைத் திறப்போம். அதற்குள் அது இறுகிப் பாறை மாதிரி ஆகியிருக்கும். சில நாள் மத்தியானம்வரை நான் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன். ஊர்ப் பொறுப்பை எடுத்தவர்களின் வாசல் கடைசி, அதுதான் இங்கே வழக்கம். நானும் அதை மாற்ற நினைத்ததில்லை.

பதினைந்தாம் தேதி காலை ரயிலுக்கு வாருங்கள். அன்றைக்கு முதல் வண்டி எங்கே போக வேண்டும் என்று ஓத்தாகி அண்ணனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரித் தெருவாம்மா?" என்றார். "இல்லண்ணே, அது ரெண்டாவது. மொதல்ல நம்ம வாசல்" என்றேன்.

சயோ